இரண்டு பக்கம் மீதி

லாரி ஓட்டுநர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'ஒரு நிமிஷம்'. வண்டியை எடைமேடையில் ஏற்றி நிறுத்தி ஹாரன் அடித்தால், கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் ஒரு கை மட்டும் உயரும். அதில் ஒரு விரல் நிமிர்ந்து நிற்கும். தலை நிமிராது, அது புத்தகத்துக்குள் கிடக்கும். இருபது டன் ஜல்லியோடு வெயிலில் நிற்கிறவர்கள் முதலில் திட்டிப் பார்த்தார்கள், பிறகு கும்பிட்டுப் பார்த்தார்கள், கடைசியில் சலித்துப்போய் அதையே பெயராக வைத்துவிட்டார்கள். "ஒரு நிமிஷத்துக்கிட்ட எடை போட்டுட்டு வந்துடறேன்" என்று ஒருவன் போனில் சொல்வதை அவரே கேட்டிருக்கிறார். கோபப்படவில்லை. அப்போது அரைப் பக்கம் மீதி இருந்தது.

எடைமேடை அறை பெரிய சமாச்சாரம் இல்லை. ஆறடிக்கு எட்டடி. ஒரு மேசை, சிவப்பு எண்கள் ஓடும் பெட்டி, சீட்டு அடிக்கும் மெஷின், இறக்கையெல்லாம் கல்தூசி படிந்த ஒரு மின்விசிறி. காலி வண்டிக்கு ஒரு எடை, சரக்கோடு ஒரு எடை, சீட்டைக் கிழித்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. ஒரு வண்டி ஏறி, எடை நின்று, சீட்டு வாங்கி இறங்கிப் போக எட்டு நிமிஷம் பிடிக்கும். அவர் வீட்டில் கடிகாரத்தைவிட அந்தக் கணக்குத்தான் அதிகம் புழங்கியது. "ஒரு லாரி நேரத்துல வந்துடறேன்" என்றால் மனைவிக்கும் மகளுக்கும் புரியும்.

அவர் படித்ததெல்லாம் சிறுகதைத் தொகுப்புகள். அதிலும் இன்றைக்கு எழுதிக்கொண்டிருப்பவர்களின் தொகுப்புகள் மட்டும். நாவல் அவருக்கு ஒத்துவராது, நாலு வண்டி வந்து போனால் யார் யாருக்கு மாமா என்று மறந்துவிடும். சிறுகதை அப்படியில்லை, இரண்டு வண்டிக்கு நடுவில் ஒரு வாழ்க்கை முடிந்துவிடும். ஒரு லாரிக் கதை, இரண்டு லாரிக் கதை என்று பிரித்து வைத்திருந்தார். அவர் கொடுக்கும் உச்சபட்சப் பாராட்டு, "லாரிய நிக்க வச்ச கதை" என்பது. அப்படி ஒன்று அகப்பட்ட நாளில் சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் அதையே சொல்லிக்கொண்டிருப்பார்.

"கடைசியில ஒரு அடி அடிச்சான் பாரு" என்பார்.

"யாரை?" என்பாள் மனைவி, கண்ணைத் தட்டிலிருந்து எடுக்காமல்.

இன்னொரு பழக்கமும் உண்டு. நல்ல கதை ஒன்றைப் படித்து முடித்தால், கடைசிப் பக்கத்தில் கட்டைவிரலை வைத்து மூடிக்கொண்டு, கண்ணையும் மூடி உட்கார்ந்துவிடுவார். பேச்சு இல்லை, அசைவு இல்லை. இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். அதுவும் சரியாக ஒரு லாரி நேரம். வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அப்படி உட்கார்ந்திருக்கும்போது மகள் அடுக்களையைப் பார்த்துக் குரல் கொடுப்பாள். "அம்மா, வண்டி இன்னும் மேடைய விட்டு எறங்கல." இருவரும் சிரிப்பார்கள். கண்ணைத் திறக்காமலே அவரும் சிரிப்பார்.

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். கதை கிதை என்று எதையும் தொட்டதில்லை. ஆனால் மருந்து அட்டையின் பின்பக்கத்தில் எறும்பு அளவில் அச்சடித்த தேதியை நாலடி தள்ளி நின்றே படித்துவிடுவாள். மகளுக்கு ஏழு வயதிலிருந்து வீசிங். மூச்சு இழுக்கத் தொடங்கினால் உடனே இன்ஹேலர் வேண்டும். வீட்டில் அதற்குப் பெயர் பம்பு. மனைவி மூன்று பம்பு வாங்கி, ஒன்றை மகளின் பையில், ஒன்றை அலமாரியில், ஒன்றை எடைமேடை மேசையின் இழுப்பறையில் வைத்திருந்தாள். மகள் கல்லூரியிலிருந்து வந்து இறங்கும் பஸ் நிறுத்தம் எடைமேடையிலிருந்து கூப்பிடு தூரம், அந்த ரோடு முழுக்கப் புழுதி. மாதத்துக்கு ஒரு தடவை இழுப்பறைப் பம்பின் தேதியைப் பார்ப்பதற்கென்றே மனைவி அங்கே வந்து போவாள்.

ஓடாதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. "அப்பா, பம்பு" என்று மகள் போனில் இரண்டே வார்த்தை சொன்ன மூன்று தடவையும், லாரியை மேடையிலேயே விட்டுவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் ஓடியிருக்கிறார். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் "அப்பா, எறங்கிட்டேன்" என்று சொல்வதற்கும் அவள் தினம் கூப்பிடுவாள். தினம் வருகிற அழைப்பும் என்றைக்கோ வருகிற அழைப்பும் போனில் ஒரே மாதிரிதான் மணியடிக்கும்.

அன்றைக்கு மேடையில் வண்டி எதுவும் இல்லை. படித்துக்கொண்டிருந்த கதையில் இரண்டு பக்கம் மீதி. போன் அடித்தது, திரையில் மகளின் பெயர். அவர் சத்தத்தை அணைத்து, போனைக் குப்புறக் கவிழ்த்து, பழக்கதோஷத்தில் அதைப் பார்த்து ஒரு விரலையும் காட்டினார். "ஒரு நிமிஷம்மா" என்று வாய்விட்டும் சொன்னார்.

மகள் அன்றைக்குப் பை மாற்றி எடுத்துப் போயிருந்தாள், பம்பு பழைய பையில் இருந்தது. மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள். நிறுத்தத்தில் நின்ற இரண்டு பேர் மயக்கம் என்று நினைத்து முகத்தில் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். அவ்வழியே வந்த ஒரு லாரி ஓட்டுநர் அவளை அடையாளம் கண்டு, எடைமேடைக்கு ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார். "சார், உங்க பொண்ணு அங்க கெடக்குது சார்." இவர் பம்பை எடுத்துக்கொண்டு ஓடினார். மகளின் வாயில் வைத்து அழுத்தினார், அழுத்திக்கொண்டே இருந்தார். மருந்து உள்ளே போவதற்கு மூச்சு வேண்டும். ஆஸ்பத்திரியில் டாக்டர், "ஒரு பத்து நிமிஷம் முன்னாடி குடுத்திருந்தா..." என்று தொடங்கி, எதிரில் நிற்கிறவர் அப்பா என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார். பத்தொன்பது வயது.

மனைவி கேட்டபோது அவர் சொன்னது இது. "நாலு வண்டி வரிசையா நின்னுச்சு. நான் வெளிய மேடையில இருந்தேன். போன் உள்ள இருந்துச்சு, கேக்கல."

அவள் நம்பினாள். நம்பியதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அழுது ஓய்ந்த ஒரு மத்தியானம் அவர் முதுகில் கை வைத்து, "உங்க மேல என்னங்க தப்பு" என்றாள். அந்தக் கையை அவரால் ஆறு வருஷமாக முதுகிலிருந்து இறக்கி வைக்க முடியவில்லை.

ஒரு வருஷம் புத்தகத்தைத் தொடவில்லை. பிறகு தொட்டார். வெட்கம் கெட்டவன் என்று நீங்கள் சொல்லலாம். அவரும் அதைத்தான் தனக்குச் சொல்லிக்கொண்டார், சொல்லிக்கொண்டே படித்தார். எட்டு மணி நேரம் அந்த அறையில் அந்த இழுப்பறையோடு உட்கார்ந்திருக்க வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

ஒரு தொகுப்பைப் படித்து முடித்தால் எழுதியவருக்கு நாலு பக்கக் கடிதம் போடுவது அவருடைய நெடுநாள் வழக்கம். எந்தக் கதை நின்றது, எது சறுக்கியது, எந்த வரி அதிகப்படி என்று முகத்துக்கு நேராக எழுதுவார். கீழே பெயர் கிடையாது, 'எடைமேடை வாசகன்' என்றும் எடைமேடையின் விலாசமும் மட்டும் இருக்கும். பதிப்பகத்து விலாசத்துக்குப் போகும். சிலர் பதில் போடுவார்கள், சிலருக்குக் கோபம் வந்துவிடும்.

மூன்று வருஷம் முன்பு ஒரு பெண் எழுத்தாளரின் தொகுப்பைப் படித்தார். அதில் ஒரு கதையில் ஒருத்தி, தான் செய்ததை யாரிடமும் சொல்ல முடியாமல் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அதனிடம் சொல்கிறாள். அதைப் படித்த கையோடு எழுத உட்கார்ந்தவர், கதையைப் பற்றி அரைப் பக்கம் எழுதினார். மீதி மூன்றரைப் பக்கமும் தன்னைப் பற்றி எழுதிவிட்டார். இழுப்பறை, பம்பு, மூன்று அழைப்பு, மீதியிருந்த இரண்டு பக்கம், டாக்டர் சொன்ன பத்து நிமிஷம், மனைவியிடம் சொன்ன பொய். எல்லாவற்றையும் எழுதினார், ஒன்றைத் தவிர. பதிலாக ஒரு கார்டு வந்தது. 'உங்கள் கடிதம் கிடைத்தது. என்ன எழுதுவதென்று தெரியவில்லை.' அவ்வளவுதான். அவருக்கு அதுவே ஆறுதலாக இருந்தது.

இந்த வருஷம் அந்த எழுத்தாளரின் புதுத் தொகுப்பு நூலகத்துக்கு வந்தது. வழக்கம்போல முதல் ஆளாக எடுத்துவந்து, மேசையில் வைத்துப் பிரித்தார். காணிக்கைப் பக்கத்தில், 'எடைமேடையில் உட்கார்ந்து என்னைப் படிக்கிற அந்த ஒருவருக்கு' என்று இருந்தது. அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை வருஷப் படிப்புக்கு ஒரு மரியாதை என்று நினைத்தார். அந்த நினைப்பு ஏழாவது கதை வரைக்கும் இருந்தது.

ஏழாவது கதையில் எடைமேடை பெட்ரோல் பங்க் ஆகியிருந்தது. மற்றபடி இழுப்பறை இருந்தது, பம்பு இருந்தது, மூன்று அழைப்பு இருந்தது. கவிழ்த்து வைத்த போனைப் பார்த்து ஒரு விரலை நீட்டும் அப்பா இருந்தார். அந்த அப்பா இரண்டு பக்கத்தையும் படித்து முடித்து, போனைத் திருப்பிப் பார்த்து, அலறி ஓடுகிறார். போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்துவிடுகிறது. அவருக்கு வியர்த்துக் கொட்டியது. அதற்கு நடுவிலும் மூன்றாம் பத்தியில் ஒரு வாக்கியம் நன்றாக விழுந்திருக்கிறதே என்று தோன்றியது. தோன்றியதற்காக நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மனைவி கதை படிக்கிறவள் இல்லைதான். ஆனால் ஊரில் எடைமேடை ஒன்றே ஒன்று, அதில் உட்கார்ந்து படிக்கிற பைத்தியமும் ஒன்றே ஒன்று. யாராவது ஒருவர் வாய் திறந்தால் போதும். பொய் சொல்லி ஆறு வருஷம் காப்பாற்றிக்கொண்டது அந்த ஒரு கையைத்தான், முதுகில் வைத்த கையை. அது போய்விட்டால் வீட்டில் தனக்கு என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. புத்தகத்தைத் திருப்பித் தராமல் இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு நூலக மாடியில் எட்டுப் பத்துப் பேர் கூடி ஒரு தொகுப்பைப் பேசுவது வழக்கம். இந்த மாதம் அந்தப் புத்தகம்தான் என்று நூலகர் அம்மா சொன்னபோது, அவர் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு நல்ல புத்தகத்தைப் பற்றிப் பொய் சொன்னார்.

"இந்தத் தடவை சுமார்தான் மேடம். வேற ஏதாவது வச்சுக்கலாம்."

"தன்னடக்கமா?" என்று நூலகர் அம்மா சிரித்தார். "நான் காணிக்கைப் பக்கத்தப் பாத்துட்டேன் சார். நீங்க ஒளிச்சு வச்சாலும் நான் வேற பிரதி வாங்கிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்களே என்று போனார். எல்லோரும் கைதட்டினார்கள். நெளிந்துகொண்டு உட்கார்ந்தார். ஆறு கதைகள் வரை பேச்சு நன்றாகப் போயிற்று. ஏழாவதை எடுத்தவர் பல் டாக்டர். கதையைப் படிப்பதும் பல்லைப் பார்ப்பதும் அவருக்கு ஒன்றுதான், சொத்தை எங்கே என்று குத்திப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை.

"எழுத்து நல்லாத்தான் இருக்கு. ஆனா கணக்கு இடிக்குதுங்க" என்றார் பல் டாக்டர். "ரெண்டு பக்கம் படிக்க எவ்வளவு ஆகும்? நாலு நிமிஷம். பஸ் ஸ்டாப் கிட்டத்துலயே இருக்கு, ஓடுனா ரெண்டு நிமிஷம். அந்தப் பொண்ணு பொழச்சிருக்கணும். கதையில வர்ற டாக்டர் பத்து நிமிஷம் லேட்டுங்கறாரு. மிச்ச நேரம் எங்க போச்சு? அந்தம்மா எதையோ எழுதாம விட்டுட்டாங்க."

யாரோ, அழ வைக்கவேண்டும் என்று எழுதியிருப்பார்கள் என்றார்கள். இன்னொருவர், எந்த அப்பனாவது கதை படிக்கிறதற்காகப் போனை எடுக்காமல் இருப்பானா என்றார். பல் டாக்டர் இவர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். கதைய நோண்டிப் பாக்கறதுல உங்கள மிஞ்ச ஆள் உண்டா?"

எல்லா முகமும் அவரைப் பார்த்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்படியெல்லாம் கணக்குப் பாத்துக் கதை படிக்கக் கூடாதுங்க" என்றார். கதைகளை லாரிக் கணக்கில் அளக்கிறவர் அப்படிச் சொன்னதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்து வைத்தார்.

கூட்டம் முடிந்து படி இறங்கும்போது நூலகர் அம்மா கூடவே வந்தார். "உங்க வீட்டம்மா ஒண்ணும் சொல்லலையா? வியாழக்கிழமை மாத்திரை வாங்கப் போனப்பவே ஒரு பிரதி குடுத்துட்டேனே. 'உங்க வீட்டுக்காரருக்குப் போட்ட புத்தகம், கட்டாயம் படிங்க'ன்னு சொன்னேன். அவங்களுக்கு ஒண்ணும் புரியல, பாவம். வாங்கிப் பையில வச்சுக்கிட்டாங்க."

அவர் நாட்களை எண்ணினார். வியாழன், வெள்ளி, சனி. மூன்று நாளும் அவள் டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தாள், சட்டைக்குப் பொத்தான் தைத்தாள், தண்ணீர் மோட்டார் போட மறந்ததற்குக் கடிந்துகொண்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை. ஒருவேளை படித்திருக்க மாட்டாள். பையிலேயே மறந்து போயிருப்பாள். வீடு போய்ச் சேரும் வரைக்கும் இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு நடந்தார்.

கதவு திறந்து கிடந்தது. சாயங்கால வெளிச்சம் சாப்பாட்டு மேசை வரைக்கும் வந்திருந்தது. மனைவி கடைக்குப் போட்டுக்கொண்டு போகும் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள். எதிரில் அந்தப் புத்தகம். பக்கத்தில் மகளின் போன். ஆறு வருஷமாக அதற்குச் சார்ஜ் ஏற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறாள் என்பது அவருக்கு அதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

"உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தார்.

"நாலு வண்டி நின்னுச்சுன்னு சொன்னீங்க."

அவர் மேசையில் கிடந்த போனைப் பார்த்தார்.

"சரி, அத விடுங்க. அன்னைக்கு நீங்க படிச்ச கதை எது? அந்தப் புத்தகத்த எடுத்துட்டு வாங்க."

எங்கே இருக்கிறது என்று தேடவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அலமாரியின் கீழ்த்தட்டில், சுவரோரம், முதுகு உள்பக்கமாகத் திருப்பி வைத்தது. எடுத்துவந்தார்.

"அந்த ரெண்டு பக்கத்தையும் படிங்க. எனக்குக் கேக்கற மாதிரி."

அவர் படித்தார். குரல் முதல் பத்தியிலேயே உடைந்தது, அவள் காத்திருந்தாள், மறுபடி படித்தார். ஒரு முதியவர் பூட்டிய வீட்டின் முன்னால் நின்று சாவியைத் தேடுகிற இடம். பாதியில் குரல் நிதானத்துக்கு வந்தது, நிறுத்த வேண்டிய இடத்தில் நின்று, ஏற வேண்டிய இடத்தில் ஏறியது. இந்த நேரத்திலும் நன்றாகப் படிக்கிறோமே என்று அவருக்கே அருவருப்பாக இருந்தது. மனைவி அவரைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடித்தார்.

"நாலு நிமிஷம்" என்றாள். "திக்காமப் படிச்சா இன்னும் கொறைச்சல்."

போனை எடுத்தாள். "மொத கால் நாலு பன்னெண்டு. ரெண்டாவது நாலு பதினாலு. மூணாவது நாலு பதினேழு. அந்த லாரிக்காரர் வந்து கண்ணாடியத் தட்டுனது நாலு இருபத்தஞ்சு. அன்னைக்கு ஆஸ்பத்திரியில அவர் சொல்லி எழுதிக்கிட்டாங்க, நானும் பக்கத்துலதான் நின்னேன். இந்தப் புத்தகத்துல மூணு காலும் ரெண்டு பக்கத்துக்குள்ள வருது. அது சரியா வரல. மூணு நாளா நானும் போட்டுப் பாக்கறேன். நாலு பதினாறுக்கு நீங்க படிச்சு முடிச்சுட்டீங்க. இழுப்பறையில பம்பு இருக்கு. அவ உசிரோட இருக்கா, அதுக்கப்புறமும் ஒரு தடவ கூப்பிடறா. அங்கேர்ந்து ஒம்போது நிமிஷம்."

அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"அந்த எழுத்தாளர் அம்மாவுக்கு உங்களப் பத்தித் தெரியாது. எனக்குத் தெரியும். படிச்சு முடிச்சதும் கண்ண மூடிக்கிட்டு உக்காருவீங்களே. அன்னைக்கும் உக்காந்தீங்களா?"

கடிதத்தில் எழுதாமல் விட்ட ஒன்று அதுதான். அதற்கு ஒரு பொய் வேண்டும் என்று ஆறு வருஷத்தில் அவருக்குத் தோன்றியதே இல்லை. இதை யாராவது கேட்பார்கள் என்று அவர் நினைக்கவில்லை.

"உக்காந்தேன்" என்றார்.

"எவ்வளவு நேரம்?"

"ஒரு லாரி நேரம்."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அவள் அந்தப் பழைய புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, அவர் படித்த இரண்டு பக்கங்களையும் மருந்து அட்டையைப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தாள். பக்கத்தைத் திருப்பி, அதன் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்தாள்.

"இப்ப நானும் முழுசாக் கேட்டேன்" என்றாள். "ஒரு கெழவரு சாவியத் தேடறாரு. அதுல என்ன அவ்வளவு நல்லா இருந்துச்சு? சொல்லுங்க."

முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கதையைப் பற்றி நாலு பக்கம் எழுதியவர் அவர். புத்தகத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். தெருவில் யாரோ வண்டியை நிறுத்தி இறங்கும் சத்தம் கேட்டது.

அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் மேசையோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"யோசிச்சே சொல்லுங்க. எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல."